கீரிமலைக் கரையும் உலகப்போர்ப் படச்சுருள்களும்

கீரிமலை என்றதும் நினைவில் எழுவது கேணியும் நகுலேஸ்வரமும் ஆடி அமாவாசைக் கூட்டமும்தான். இரண்டாம் உலகப்போரை இந்தக் கரையோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு. ஆனால் அந்தப் போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் லிபரேட்டர் என்ற நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவுக்கு அப்பால் போய்த் திரும்பின. கீரிமலையிலிருந்து காங்கேசன்துறையைக் கடந்து கிழக்கே போனால் வருகிற பலாலியில் பிரித்தானிய வான்படை அமைத்த ஓடுதளம்தான் அவற்றின் தாவளம். வான்படையின் பதிவேடுகளில் அதன் பெயர் காங்கேசன்துறை. 1944 இன் பிற்பகுதியில் 160 ஆம் ஸ்குவாட்ரன் அங்கே இருந்தது. 1945 பெப்ரவரியில் 203 ஆம் ஸ்குவாட்ரன் மதுரையிலிருந்து வந்து சேர்ந்து, போர் முடிந்த பிறகும் 1946 வரை தங்கியது.

அந்த ஓடுதளத்தின் பிற்காலம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. 1990 இல் சுற்றியிருந்த கிராமங்கள் வெறுமையாகி உயர் பாதுகாப்பு வலயமாயின. 2019 ஒக்டோபரில் அதே இடம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முற்காலம்தான் மங்கலாக இருக்கிறது. செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஓர் அந்நியப் படை வந்து இறங்கியபோது இந்த நிலம் எப்படி இருந்தது, யார் வேலை செய்தார்கள், எந்த ஒழுங்கை எங்கே போனது?

இந்தக் கேள்வியோடுதான் உலகப்போர்க்காலப் படச்சுருள்களை அணுக வேண்டும் என்பது என் கருத்து. போரைப் பற்றிய அசையும் படங்களை இதுவரை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் விமானங்களையும் கப்பல்களையும் தளபதிகளையும் பார்த்தார்கள். எங்களுக்கு வேண்டியது அவற்றின் பின்னணியில் இருக்கிறது. அந்தப் பின்னணியை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள். அவர்களில் மூத்த தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது.

அடித்தவர் எடுத்த படம்

இலங்கையைப் போர் நேரடியாகத் தொட்டது 1942 ஏப்ரலில். 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று பிற்பகலே கடலில் கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கின. இரண்டிலும் சேர்த்து 424 பேர் இறந்தார்கள். 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே கடலில் சிக்கியது. அதன் விமானங்கள் அப்போது கப்பலில் இல்லை. 307 பேர் மாண்டார்கள்.

ஹெர்மிஸ் மூழ்கும் படம் பல நூல்களில் வந்திருக்கிறது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேற்றளத்திலிருந்து புகை எழுகிறது. சுற்றிலும் வெறுங்கடல். அந்தப் படத்தை எடுத்தது தாக்கிய விமானம். கோர்ன்வாலும் டோர்செற்ஷயரும் எரியும் படங்களும் அப்படியே. இலங்கையின் போரில் மிகப் பெயர்பெற்ற காட்சிகள் எல்லாம் அடித்தவனின் கண்ணால் பார்க்கப்பட்டவை. விட்டா என்ற வைத்தியக் கப்பல் வந்து நூற்றுக்கணக்கான மாலுமிகளைக் கடலிலிருந்து ஏற்றியதை அந்தக் கண் பார்க்கவில்லை. வெடிச்சத்தம் கேட்ட மட்டக்களப்புக் கரையையும் பார்க்கவில்லை.

இந்த ஒருபக்கச் சாய்வுக்குக் காரணம் எளிது. யப்பானிய அரசு 1940 இலேயே தனித்தனியாக இயங்கிய செய்திப்பட நிறுவனங்களை ஒன்றாக்கி, அந்த ஆண்டு ஜூனிலிருந்து 'நிப்பொன் நியூஸ்' என்ற வாரச் செய்திப்படத்தை வெளியிட்டது. வெற்றி வந்த இடமெல்லாம் கமராவும் போனது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூரின் போர்ட் தொழிற்சாலையில் பிரித்தானியத் தளபதி பேர்சிவல் யப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்ததைக் கூட அவர்கள்தான் படமாக்கினார்கள். பிரித்தானியரின் இராணுவப் படப்பிரிவு உருவானதே 1941 ஒக்டோபரில். அதன் கவனமும் முதலில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் இருந்தது. கொழும்பில் குண்டு விழுந்தபோது இலங்கையில் ஒழுங்கான போர்ப் படப்பிரிவு எதுவும் இல்லை.

நிலைமை மாறியது 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளையகத்தைக் கண்டிக்கு மாற்றியபோது. பேராதனைப் பூங்காவில் தலைமையகம் வந்தது. விளம்பரத்தின் மதிப்பை அவர் நன்றாக அறிந்தவர். பர்மாவில் சண்டையிட்ட பதினான்காம் படை தன்னை மறக்கப்பட்ட படை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது; அந்தப் பெயரைத் துடைக்கப் படம் வேண்டியிருந்தது. இராணுவத்துக்கும் வான்படைக்கும் தனித்தனிப் படப்பிரிவுகள் இந்த வட்டாரத்தில் வேலை செய்தன. அவர்கள் எடுத்த சுருள்களைக் கொண்டு ரோய் போல்டிங் இயக்கிய 'பர்மா விக்டரி' 1945 இல் வெளிவந்தது.

இந்தியப் பக்கத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. 1943 இல் தொடங்கிய 'இந்தியன் நியூஸ் பரேட்' என்ற செய்திப்படம் தமிழ் உட்படப் பல மொழிகளில் விவரணையோடு வந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒவ்வொரு திரையரங்கும் ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற படங்களைக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் கதைப்படங்களின் நீளம் 11,000 அடிக்குள் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 'மான சம்ரக்ஷணம்', 'பர்மா ராணி', 'கண்ணம்மா என் காதலி' என்று 1945 இல் வந்த தமிழ்க் கதைப்படங்களும் போர்ப் பிரசாரத்தைச் சுமந்தன. தமிழ்ச் செய்திப்பட விவரணைகளைத் தனியே ஆராய வேண்டும். நவீன போரைப் பற்றித் தமிழில் பொதுமக்களுக்குப் பேசிய முதல் குரல்களில் அவையும் சேரும். இன்றைய தொலைக்காட்சிச் செய்தியின் நடை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் அங்கேயிருந்து தொடங்கலாம்.

நூறு அடிச் சுருள்

போர்க்களக் கமராக்காரனின் வேலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் அவன் எடுத்த படத்தை வாசிக்க முடியாது. கையில் ஏந்தி எடுக்கிற 35 மில்லிமீற்றர் கமராவில் ஒரு தடவைக்கு நூறு அடி பிலிம்தான் போடலாம். ஓர் அடியில் பதினாறு சட்டகங்கள். விநாடிக்கு இருபத்துநான்கு ஓடும். கணக்குப் பார்த்தால் ஒரு சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. அந்த ஒரு நிமிடமும் கமராவின் விசையை முறுக்கி முறுக்கித் துண்டு துண்டாக எடுக்கப்பட்டது. எனவே நாம் பார்க்கிற ஒவ்வொரு துண்டும் ஒரு தெரிவு. விமானம் ஓடுகிறது, எழுகிறது, திரும்பி வருகிறது, விமானிகள் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். காத்திருந்த நேரம், பயம், களைப்பு எதுவும் பிலிமுக்குப் பெறுமதி இல்லை.

ஒலியும் இல்லை. பிரித்தானிய இராணுவப் படப்பிரிவின் சுருள்கள் மிகப் பெரும்பாலும் ஊமைப் படங்கள். இன்று விவரணப்படங்களில் அவற்றோடு கேட்கிற குண்டுச் சத்தமும் இயந்திர இரைச்சலும் பிறகு சேர்க்கப்பட்டவை. பார்வையாளரை நம்ப வைப்பதில் பாதி வேலையை அந்தச் சத்தம்தான் செய்கிறது. ஆய்வு நோக்கில் பார்ப்பவர் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கப் பழக வேண்டும்.

ஒவ்வொரு சுருளோடும் ஒரு தாள் போனது. டோப் ஷீற் என்று அதைச் சொல்வார்கள். திகதி, இடம், படைப்பிரிவு, ஒவ்வொரு காட்சியிலும் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கமராக்காரன் கையோடு எழுதி அனுப்பியது. இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் படத்தோடு இந்தத் தாள்களும் பாதுகாக்கப்படுகின்றன. படத்தைவிட இந்தத் தாள் முக்கியம் என்றுகூட நான் சொல்வேன். தாள் இல்லாத சுருள் யாருடைய போரென்று தெரியாத போர்.

ஆனால் தாளை எழுதியவன் இங்கிலாந்தின் ஏதோ ஒரு தொழிற்சாலை நகரத்திலிருந்து வந்த இளைஞன். ஊர்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதியிருப்பான். அருகில் நிற்கிற வெள்ளைக்காரச் சார்ஜனின் பெயர், இலக்கம், சொந்த ஊர் எல்லாம் கவனமாகக் குறிக்கப்படும், ஏனென்றால் அவனுடைய ஊர்த் திரையரங்கில் அந்தப் படம் ஓட வேண்டும். கல் சுமக்கிற ஆளைப் பற்றி 'உள்ளூர்க் கூலி' என்ற அளவில் முடிந்துவிடும். இந்தக் குறையைப் பிற்காலப் பட்டியலாளர்களும் திருத்தவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தது அந்தத் தாள் மட்டும்தான்.

நம்புவதற்கு முன்

போர்ப் படங்களில் பொய் புகுந்தது முதலாம் உலகப்போரிலேயே. 1916 இல் வெளிவந்த 'சொம் போர்' என்ற பிரித்தானியப் படத்தை முதல் ஆறு வாரங்களில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாய்கிறார்கள், ஒருவன் சரிந்து விழுகிறான் என்ற அதன் மிகப் பிரபலமான காட்சி களத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒத்திகையாக எடுக்கப்பட்டது. படத்தின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் உண்மையானவை. அந்தப் படம் 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஒரு காட்சி ஒப்பனை என்பதால் முழுப் படத்தையும் எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் போரில் இது பெருகியது. பேர்ல் ஹாபர் தாக்குதலைப் பற்றி ஜோன் போர்டும் கிரெக் டோலண்டும் உருவாக்கிய '7 டிசம்பர்' படத்துக்காகப் பிறகு நடித்தும் மாதிரிகள் வைத்தும் எடுத்த காட்சிகள், இன்றுவரை பல விவரணப்படங்களில் அசல் தாக்குதலாகக் காட்டப்படுகின்றன. யப்பானியர் 1942 இல் எடுத்த 'ஹவாய், மலாயா கடற்போர்' என்ற கதைப்படத்தின் மாதிரிக் கப்பல்கள் மிகத் தத்ரூபமாக இருந்தன. அவற்றை அமைத்த எய்ஜி சுபுராயாதான் பின்னாளில் கொட்ஸில்லாவை உருவாக்கினார்.

எங்கள் வட்டாரப் படங்களைச் சோதிக்கச் சில நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. பிரித்தானிய விமானத்தின் வட்டக் குறியில் நடுவே சிவப்புப் புள்ளி இருப்பது வழக்கம். ஆசியாவில் யப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பிச் சொந்த விமானத்தையே சுட்டுவிடுவார்கள் என்பதால் அந்தச் சிவப்பை நீக்கி, கடுநீலமும் இளநீலமும் மட்டும் பூசினார்கள். ஆகவே 1944 இல் இலங்கைத் தளம் ஒன்றில் எடுத்தது என்று சொல்லப்படும் படத்தில் வட்டத்தின் நடுப்புள்ளி கடும் நிறமாகத் தெரிந்தால் உடனே சந்தேகிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்திலும் அந்த வேறுபாடு தெரியும். மறுபக்கம், 1942 ஏப்ரலில் கொழும்பைக் காத்த விமானங்களில் சிவப்பு இருந்தால் அது பொருத்தமே.

மரங்கள் அதைவிட நேராகப் பேசும். அடிவானத்தில் தென்னை வரிசை கட்டி நின்று, முன்னால் ஏரி இருந்தால் அது தெற்கே கொக்கலையாக இருக்கலாம். கற்றலினா கடல் விமானங்கள் அங்கேதான் இறங்கின. காடும் உயர்ந்த பாறையும் தெரிந்தால் சீகிரியாவை நினைக்கலாம். பனை நிரை, சுண்ணாம்புக் கல் மதில், கிடுகு வேலி, தோட்டத்தின் நடுவே துலாவும் ஆடுகாலும் தெரிந்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம். துலா மிதிக்கிற ஆளின் உருவத்தைத் தூரத்தில் புள்ளியாகக் கண்டாலும் யாழ்ப்பாணத்து விவசாயியின் பிள்ளைக்கு அடையாளம் தெரிந்துவிடும். இலண்டன் பட்டியலாளருக்கு அது வெறும் கம்பு.

படமே சாட்சியாக நின்ற நேரங்களும் உண்டு. 1945 ஏப்ரலில் பெல்சன் வதைமுகாமில் நுழைந்த பிரித்தானியக் கமராக்காரர்கள் எடுத்ததை யாரும் பொய் என்று சொல்லக் கூடாது என்பதற்காக, அவற்றைத் தொகுத்தபோது வெட்டாத நீண்ட காட்சிகளுக்கு முக்கியம் கொடுக்கும்படி திரைப்பட இயக்குநர் ஹிட்ச்கொக் ஆலோசனை சொன்னார். பிணக்குழியும் அருகில் நிற்கும் உள்ளூர் அதிகாரிகளும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும் என்பது கருத்து. அதே ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி நியூரம்பர்க் நீதிமன்றத்தில் வதைமுகாம் படம் திரையிடப்பட்டது.

இது எங்களுக்கு அந்நியமான விவாதம் இல்லை. 2009 இல் வன்னியில் நடந்ததைக் காட்டும் ஒளிப்பதிவுகளைப் பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4 வெளியிட்டபோது, அவை உண்மையா புனைவா என்ற கேள்வியைச் சர்வதேச நிபுணர்கள் சட்டகம் சட்டகமாகச் சோதித்தார்கள். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் 2010 ஜனவரியில் அந்தச் சோதனையின் முடிவை வெளியிட்டார். பதிவு உண்மையானது என்பதையே அது வலுவாகச் சுட்டியது. அசையும் படம் ஒன்றின் நம்பகத்தன்மையில் எத்தனை உயிர்களின் நியாயம் தங்கியிருக்கும் என்பதைத் தமிழர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கடுமையான சோதனையை 1940களின் படங்களுக்கும் வைக்கிற பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது.

சட்டகத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

விமானத்தளங்கள் தாமாக முளைக்கவில்லை. அசாமிலும் வங்காளத்திலும் தளம் கட்டிய பெண்கள் கூடையில் கல் சுமந்து வரிசையாகப் போவதை அமெரிக்க இராணுவக் கமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்தக் காட்சிகளில் கமரா அவர்களைத் தேடிப் போனது. பெரும்பாலான படங்களில் அப்படி இல்லை. விமானம் முன்னால் வருகிறது, ஓரத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் விலகி நிற்கிறார், அரை விநாடியில் மறைந்துவிடுகிறார்.

ஒருவரும் படமெடுக்க விரும்பாத உழைப்பும் இருந்தது. சயாம் பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டு பக்கத் தண்டவாளங்களும் கொன்கொய்தாவில் இணைந்ததற்கான விழா 1943 ஒக்டோபர் 25 ஆம் திகதி நடந்தது. அந்த விழாவை யப்பானியர் படமாக்கினார்கள். விழாவில் ஓடிய நீராவி இயந்திரம் இன்று தோக்கியோவின் யசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் துடைத்து மினுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. போருக்குப் பிறகு விடுவிக்கப்பட்ட வெள்ளைக்காரக் கைதிகளை நேச நாட்டுக் கமராக்கள் தேடிப் போய்ப் படம் பிடித்தன. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் ஏறக்குறைய ஏழாயிரம் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அங்கே மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. மலேசியாவில் சீ. அருண் போன்றவர்கள் உயிர் பிழைத்தோரின் வாய்மொழியைத் திரட்டியிராவிட்டால் அந்த வரலாறு முழுவதும் போயிருக்கும். படமில்லாத இடத்தில் வாய்மொழிதான் ஆவணம் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எங்களிடம் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு மலாயா தூரத்து நாடாக இருக்கவில்லை. வலிகாமத்தில் மலாயாப் பென்சன் வராத ஊர் குறைவு. ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்த அந்தக் குடும்பங்கள் போரில் இரண்டாக அறுந்தன. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்ததையும் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பையும் யப்பானியச் செய்திப்படங்கள் காட்டின. அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களோடு, யாழ்ப்பாண வழிவந்த ராசம்மா பூபாலனும் அவருடைய அக்காவும் சேர்ந்திருந்தார்கள். ராசம்மா பின்னாளில் மலேசியாவின் மதிக்கப்பட்ட ஆசிரியராகவும் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளராகவும் விளங்கினார். அந்த அணிவகுப்புப் படங்களில் போஸ் ஒருவருக்குத்தான் பெயர். துவக்குப் பிடித்து நடக்கிற பெண்களின் முகங்களுக்குப் பெயர் வைக்கக்கூடிய உறவினர்கள் கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் இருக்கலாம். அவர்களிடம் யாராவது ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். வலிகாமம் வடக்கின் கிராமங்கள் 1990 ஜூனுக்குப் பிறகு ஒரேயடியாகப் பெயர்ந்தன. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை என்று பரம்பரை பரம்பரையாக இருந்தவர்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். கலியாணப் படமும், தாத்தாவின் சட்டம் போட்ட படமும், பாடசாலைக் குழுப்படமும் சுவரிலேயே தொங்கி அழிந்தன. நகுலேஸ்வரமே குண்டுவீச்சில் சிதைந்தது. காணிகள் துண்டு துண்டாகத்தான் திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடப்பட்டது. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வளவின் எல்லை எது, கிணறு எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை. வீடுகள் தரைமட்டமாகி, மரங்கள் மாறிப்போய், ஒழுங்கைகள் மறைந்துவிட்டன.

இப்படி முழு ஊரின் உருவமும் அழிந்துபோன இடத்தில், போருக்காக எடுத்த படங்களுக்கு யாரும் நினைத்திராத பெறுமதி வந்துவிடுகிறது. லிபரேட்டர் எழும்புவதைக் காட்ட எடுத்த ஒரு காட்சியில், இயந்திரத்துக்குப் பின்னால் தெரிகிற பனந்தோப்பு யாரோ ஒருவரின் சீதனக் காணி. வானிலிருந்து வேவு பார்க்க எடுத்த நிழற்படத்தில் தெரிகிற வெள்ளைக் கோடு, இப்போது இல்லாத ஒரு பாடசாலைக்குப் போன பாதை. பிரித்தானிய வான்படையின் எப்.24 கமராக்கள் எடுத்த வேவுப் படங்களில் பெருந்தொகையானவை எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்பில் இருக்கின்றன. அசையும் படத்தையும் வான்படத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து வாசிக்க வேண்டும். ஒன்று உயரத்தைக் காட்டும், மற்றது நிலத்தின் கிடையைக் காட்டும்.

கிராமத்தவரின் காணியை அரசு எடுத்து ஓடுதளம் போட்டதுதான் அந்த மண்ணில் நடந்த முதல் பெயர்ப்பு. 1990 ஐப் பற்றி எழுதும் எவரும் 1940களையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாவது பெயர்ப்பு ஏன் அந்த இடத்தில் நடந்தது என்பதற்கான விடை முதலாவதில் கிடக்கிறது.

தேடுகிற வழி

தமிழில் படச்சுருள் தேடிப் போன முன்னோடி ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய படத்துக்காக ஒரு லட்சம் மைல் அலைந்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த செய்திப்படத் துண்டுகளைச் சேர்த்து, 50,000 அடியிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆகஸ்ட் 23 ஆம் திகதி சென்னையில் தமிழ் விவரணையோடு திரையிட்டார். போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படமே பிறகு கண்ணில் படாமல் போய், அதன் ஆங்கில வடிவம் பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. அவருக்கும் முன்னால், சிறுப்பிட்டியிலிருந்து போன சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்தவர். செல் அரித்த ஏட்டைக் கண்டவர் உடனே பெயர்த்தெழுதியதைப் போலத்தான் பிலிமையும் காலத்துக்குக் காலம் பெயர்த்தாக வேண்டும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேற் பிலிம் தானாகச் சிதையும்; தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் பூனாவில் அப்படித்தான் இந்தியாவின் பல பழைய படங்கள் சாம்பலாயின. அதற்குப் பிறகு வந்த பாதுகாப்புப் பிலிமும் சூட்டிலும் ஈரப்பதத்திலும் புளித்த நெடி வீசிச் சுருங்கும். எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசல் சுருளை இங்கே வைத்துக் காப்பாற்றுவது பெரும் செலவு. டிஜிட்டல் பிரதிதான் எங்களுக்குப் பொருத்தம்.

எங்கே தேடுவது? இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படக் காப்பகம் முதலாம் போர் முடிந்த கையோடு தொடங்கியது. உலகின் மிகப் பழைய படக் காப்பகங்களில் ஒன்று. அங்கே படத்தைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் உண்டு. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இராணுவம் எடுத்தவை பொதுவுடைமை. 'நிப்பொன் நியூஸ்' தொகுதிகளை யப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறது. 2010 இல் வெளிவந்த 'கொலோனியல் பிலிம்' என்ற தரவுத்தளத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குடியேற்றகாலப் படங்களின் விவரம் இருக்கிறது. 2014 இல் பிரிட்டிஷ் பதே நிறுவனம் 85,000 செய்திப்படங்களை யூரியூபில் ஏற்றியது. கைவசம் இருக்கிற இவ்வளவையும் வலிகாமத்தான் ஒருவன் ஊர்க்கண்ணோடு உட்கார்ந்து பார்ப்பதற்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை. பொறுமை வேண்டும்.

பிரதியைக் கேட்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. போரின் பின் அமெரிக்கா கைப்பற்றிக் கொண்டுபோன யப்பானியப் படங்களை 1967 முதல் யப்பானுக்குத் திருப்பி அனுப்பியது. தோற்ற நாட்டுக்கு அசல் படமே திரும்பும் என்றால், தன் நிலத்தைக் கொடுத்த ஊருக்கு ஒரு பிரதியாவது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரால் எழுத்தில் கேட்டால் இதற்குச் செவிசாய்க்கக் கூடியவர்கள் அந்த நிறுவனங்களில் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்குப் பிறகு இழப்பை ஈடுசெய்ய எங்கள் ஆட்கள் செய்த பெரிய காரியம் 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம். குரும்பசிட்டி நா. பொன்னையா சுன்னாகத்தில் நடத்திய 'ஈழகேசரி' போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களை அங்கே படிக்கலாம். ஓடுதளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் நடத்திய பத்திரிகை என்பதால் போர்க்கால இதழ்களை இந்த நோக்கோடு ஒரு முறை புரட்ட வேண்டும். படத்தில் திகதி இருக்கும்; பத்திரிகையில் அரிசித் தட்டுப்பாடும் காணி அறிவித்தலும் ஆட்சேர்ப்பு விளம்பரமும் இருக்கும்.

தேடத் தொடங்குபவர்கள் முதலில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல்களை எல்லாம் பட்டியலிடட்டும். கீரிமலை என்று மட்டும் தேடினால் எதுவும் அகப்படாமல் போகலாம். காங்கேசன்துறையை நாலைந்து விதமாக எழுதித் தேட வேண்டும். பிறகு 1944 ஓகஸ்ட் முதல் 1946 வரையான காலத்தை எடுத்து, 160, 203 ஆம் ஸ்குவாட்ரன்களின் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிடைக்கிற ஒவ்வொரு காட்சியையும் ஓடவிடாமல் நிறுத்தி, பின்னணியை வெட்டிப் பெரிதாக்கி அச்செடுத்து, தொண்ணூறைத் தொட்ட முதியவர்களிடம் கொண்டுபோக வேண்டும். அவர்கள் பெயர் சொல்லும்போது காணியின் பெயரையும் கேளுங்கள். உறுதியில் எழுதியிருக்கும் காணிப் பெயர்தான் பிறகு வரைபடத்தில் அந்தச் சட்டகத்தை இருத்த உதவும்.